கடைசிக் கட்டம்

தேனுஜாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கணினியில் எதை எழுதினாலும், எழுதி முடித்த கையோடு டேப் விசையை ஒரு தட்டுத் தட்டுவாள். விசைப்பலகையின் இடது ஓரத்தில் இரண்டு அம்புக்குறி போட்டுக் கிடக்குமே, அந்த விசைதான். வைத்தியரைச் சந்திக்க டெர்மின், அதாவது நேரம், கேட்கிற படிவமோ, ரயில் ரிக்கற்றோ, எதுவானாலும் கடைசியில் அந்தத் தட்டு இல்லாமல் அவளுக்கு மனம் ஆறாது. கைத்தொலைபேசியில் அந்த விசையை வைக்காமல் விட்டவர்கள்மேல் அவளுக்கு இன்றுவரை கோபம். வேலைத்தலத்து இளசுகள் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் அது தானாகவே சேமித்துக்கொள்ளுமே, ஏன் இந்தக் கஷ்டம் என்பார்கள். சிரிக்கட்டும். சேமிக்கப்படாமல் போன ஒரு சொல் என்ன பாடு படுத்தும் என்று பட்டவளுக்கல்லவா தெரியும்!

அது 2008ஆம் ஆண்டு. நினைத்தால் அவளுக்கு முதலில் வருவது ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் யோகம் அக்காவின் முன்னறை மணம்தான். சூடேறிய கணினியின் தூசி மணமும் குசினியில் வறுபடுகிற மிளகாயின் காரமும் கலந்து மூக்கைத் துளைக்கும். மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு பென்னம்பெரிய பழைய திரை ஒன்று. அதன் தலைமேல் பின்னல் துணி, துணிக்குமேல் பிள்ளையார். தட்டையான திரைகள் கடைகளுக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது. யோகம் அக்காதான் விடவில்லை. "அப்ப பிள்ளையாரை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார்.

யோகம் அக்கா எல்லாருக்கும் அக்கா. தாய்க்கும் அக்கா, மகளுக்கும் அக்கா. காலையில் முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் கலியாணம் பேசுவது. கொலோனிலோ பீலெஃபெல்டிலோ ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வயது வந்துவிட்டால், சாதகக் குறிப்பு யோகம் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் மற்ற இடத்துக்குப் போகும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்று யாராவது அவர்முன் பழமொழி எடுத்தால் பத்திக்கொண்டு வரும். "ஆயிரம் பொய் சொல்லிறவனுக்கு ஏன் கலியாணம்? தேர்தலிலை நிக்கச் சொல்லு" என்பார்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. குறையை வாயால் சொல்லமாட்டார், மறைக்கவும் மாட்டார். மாப்பிள்ளைக்கு இழுப்பு இருக்கா, பெண்ணுக்கு முன்னம் ஒரு சம்பந்தம் பேசிக் குழம்பியதா, அதைக் குறிப்பு எழுதிய கடதாசியின் மறுபக்கத்தில், சம்பந்தப்பட்டவரே பென்சிலால் எழுதவேண்டும். அந்தக் கடதாசியை மற்ற வீட்டாரிடம் யோகம் அக்கா கொடுப்பார். அவர்கள் திருப்பிப் பார்த்து, வேண்டுமென்றால் வருவார்கள், வேண்டாமென்றால் வரமாட்டார்கள். வந்தவர்களிடம் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். "வாயாலை சொன்னால் குறை வளரும், பிள்ளை. எழுதினால் இருந்த இடத்திலை கிடக்கும்." இதுதான் அவருடைய சாத்திரம்.

கடதாசிகள் பிஸ்கற் தகரப் பேணிகளை நிரப்பி, பேணிகள் அலுமாரியை நிரப்பி, அலுமாரிக் கதவு பூட்டமுடியாமல் போன ஒரு நாளில்தான் தேனுஜாவைப் பிடித்தார். தேனுஜாவிற்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பல்வைத்தியர்களுக்குப் புறோகிராம் செய்து கொடுக்கிற சின்னக் கம்பனி ஒன்றில் வேலை. கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும், அதுதான் பிரச்சினை.

வார இறுதிகளில் உட்கார்ந்து செய்து முடித்தாள். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை என்று கட்டம் கட்டமாக இறங்கி வரும். கடைசிக் கட்டத்திற்கு யோகம் அக்காவே பெயர் வைத்தார்: மறுபக்கம். மேலே ஓரத்தில் டிஸ்கெற் படம் போட்ட ஒரு பொத்தான், அதை அமத்தினால் எல்லாம் கோப்பில் சேமிக்கப்படும்.

"இஞ்சை பாருங்கோ அக்கா," என்று விளக்கினாள். "இந்தக் கட்டம் ஒவ்வொண்டும் அடியிலை கோப்பிலை தனக்கெண்டு இருக்கிற இடத்தோடை கட்டிக் கிடக்கு. நீங்கள் இஞ்சை மாத்தினால் அங்கை தன்பாட்டிலை மாறும். பைண்டிங் எண்டு சொல்லுறது. புதுசா வந்த முறை."

"ஆர் கட்டினது?"

"நான்தான்."

"அப்ப நீயும் என்ரை தொழில்தான் செய்யிறாய்," என்று யோகம் அக்கா சிரித்தார். "கட்டி விட்டால் மட்டும் காணாது பிள்ளை, பிறகு ஒருக்கால் எட்டிப் பார்க்கவும் வேணும்."

தேனுஜா பார்த்துத்தான் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, டேப் விசையைத் தட்டி அடுத்ததுக்குப் போய், கடைசிக் கட்டத்திலும் எழுதித் தட்டி, சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பார்த்தாள். அச்சொட்டாக இருந்தது. புறோகிராம் செய்கிறவர்கள் மவுஸைத் தொடமாட்டார்கள், எல்லாம் விரல் நுனியில் ஓடும். யோகம் அக்கா வீட்டுக்கு வருகிற சனமோ ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற சனம். கட்டத்துக்குக் கட்டம் மவுஸால் போகிற சனம். இந்த வித்தியாசம் அவளுக்குத் தோன்றவேயில்லை.

அதன்பிறகு யோகம் அக்காவின் கையில் கலியாணங்கள் மளமளவென்று பொருந்தின. முன்பு இரண்டு வீடு பார்த்தால் ஒரு வீடு வேண்டாமென்று சொல்லும். இப்போது எல்லா வீடும் ஓம் சொன்னது. யோகம் அக்காவிடம் போனால் குறையில்லாத பிள்ளை கிடைக்கும் என்று கோயில் வீதியில் சனம் கதைத்தது. கொலோனில் ஒரு வீட்டில், பெண் பகுதியார் ஆட்டிறைச்சியும் இறாலும் என்று விருந்து போட, மாப்பிள்ளை வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பினார். சுத்த சைவமாம். முதலே சொல்லியிருக்கலாமே என்று பெண்ணின் தகப்பன் முறுகினார். எழுதித் தந்தனாங்களே என்றார்கள் மாப்பிள்ளை பகுதியார். கலியாண வீடென்றால் ஆயிரம் இருக்கும் என்று அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை.

தேனுஜாவின் தாய் நேசமலர் சும்மா இருப்பாரா? எள்ளெண்டால் எண்ணெயாக நிற்கிற மனிசி. மகளின் குறிப்பைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே அந்தக் கணினியில் ஏற்றிவிட்டு வந்தார். செய்த புறோகிராமுக்குள் செய்தவளே ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் யோகம் அக்கா அச்செடுத்த கடதாசி ஒன்றோடு வந்தார். பெயர் ஆரூரன். பீலெஃபெல்டில் இருக்கிறான். வயது முப்பத்துமூன்று. வீடுகளுக்குக் குசினி பொருத்துகிற வேலை. மறுபக்கம் என்ற கட்டம் வெறுமை.

"குசினி பூட்டுறவனோ?" என்று நேசமலர் முகத்தைச் சுளித்தார்.

"நீங்கள் மூண்டு நேரமும் அதுக்குள்ளைதானே நிக்கிறீங்கள்," என்றாள் தேனுஜா.

இரண்டு ஊருக்கும் இடையில் ஹம் ரயில் நிலையம். அதற்குள் ஒரு வெதுப்பகம், நாலு மேசை. அங்கேதான் முதலில் சந்தித்தார்கள், பிறகும் சந்தித்தார்கள். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் தேனுஜாவிற்கு இப்போதும் தொண்டைக்குள் ஒரு இனிப்பு ஊறும். ஒலிபெருக்கியில் ரயில் தாமதமென்று சொன்னால் மற்றச் சனமெல்லாம் திட்டும், இவர்கள் இரண்டு பேர் மட்டும் இன்னொரு கோப்பி வாங்குவார்கள். குறுஞ்செய்தியை எழுத்து எண்ணி எழுதிய காலம். சொல்ல வேண்டியதையெல்லாம் சனிக்கிழமைக்கென்று சேர்த்து வைத்திருந்து, வந்து கொட்டுவார்கள்.

முதல் நாள் ஆரூரன் சீனிப் பக்கற்றை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி, "எல்லாம் தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?" என்று கேட்டான்.

பல்கலைக்கழகம் போகாதவன், கையால் வேலை செய்கிறவன், அதைத்தான் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். சட்டென்று அவன்மேல் ஒரு இரக்கமும் மரியாதையும் வந்தது.

"ஓம். அதுக்கென்ன?" என்றாள்.

அவன் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்ல! அப்படி ஒரு நிம்மதியை அவள் ஒரு மனித முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை. குசினி பொருத்துகிறவனுக்கு இவ்வளவு கூச்சமா என்று உள்ளுக்குள் சிரித்தும்கொண்டாள். அதன்பிறகு அவன் கதைத்த கதை! வீடு வீடாகப் போய்ப் பார்த்த குசினிகளைப் பற்றிச் சொன்னான். ஜேர்மன்காரர் அடுப்படி மேடையைத் தங்கள் உயரத்துக்கு வைக்கிறார்கள், எங்கள் பெண்களுக்குத் தோள் நோகிறது என்றான். ஒரு நாள் அவளை எழும்பி நிற்கச் சொல்லி, மேசைக்குமேல் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்தான்.

"உங்களுக்கெண்டு செய்யிறதெண்டால் மேடையை இவ்வளவு பதிச்சு வைக்கவேணும்," என்றான்.

அவள் வீட்டுக்கு வந்து, குளித்து, படுத்து, மறுநாள் எழும்பின பிறகும் அந்த உள்ளங்கை அவள் கண்முன்னே அதே உயரத்தில் நின்றது.

நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பீலெஃபெல்டிலிருந்து ஒரு சொந்தக்காரி நேசமலருக்குத் தொலைபேசி எடுத்தாள். சும்மா சுகம் விசாரிப்பவள்போல் தொடங்கி, "அப்ப ரெண்டாந்தாரமெண்டாலும் பரவாயில்லை எண்டு குடுக்கிறியளோ?" என்று கேட்டாளாம்.

வீடு இரண்டுபட்டது. "ஐயோ கோதாரி! முந்தி ஒருத்தியைக் கட்டி விட்டவனாம், எடியே, பேப்பரிலை ஒண்டும் இல்லையே!" என்று நேசமலர் தலையில் அடித்தார். தேனுஜா சத்தம் போடவில்லை. அவளுக்கு அவன் முன்பு கட்டியிருந்தது பெரிய நோவில்லை. கட்டினால் கட்டினான், பிரிந்தால் பிரிந்தான், இது ஜேர்மனிதானே. சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அதை ஒளித்து வைத்திருந்தானே, அதுதான் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது.

அடுத்த சனி, அதே வெதுப்பகம். கோப்பி வாங்கவில்லை.

"உங்களுக்கு முந்தி ஒரு கலியாணம் நடந்ததாமே?"

ஆரூரன் திகைத்துப்போனான். "ஓம். அது உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்கு என்னெண்டு தெரியும்?"

"நான் எழுதினனான். யோகம் அக்கா வீட்டிலை, கொம்பியூட்டரிலை, என்ரை கையாலை. அந்த மறுபக்கம் எண்ட இடத்திலை."

"அந்தக் கட்டம் வெறுமையாக் கிடக்கு. நான் பார்த்தனான்."

"எழுதினனான், தேனுஜா."

"எழுதியிருந்தால் இருக்கும்," என்றாள். குரல் அவளை மீறி ஏறியது. "அந்தப் புறோகிராம் நான் செய்தது. அது ஒருத்தற்றை சொல்லையும் தின்னாது."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டுறியள்."

"நான் சொல்லேல்லை. கோப்பு சொல்லுது."

அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் இவளும் பத்து வார்த்தை சொல்லி ஆறியிருப்பாள். அவன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அன்றைக்குப் பார்த்து ரயில் நேரத்துக்கு வந்தது.

ஒரு மாதம் போனது. தேனுஜா வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். சனிக்கிழமைதான் பொல்லாதது. அன்றைக்கு எந்தச் சோலியைப் பார்த்தாலும் மனம் ஹம் நிலையத்து மேசையில் போய்க் குந்திக்கொள்ளும். இனி இந்தக் கலியாணப் பேச்சே வேண்டாம், என் பக்கத்துக்கே ஒரு முற்றுப்புள்ளி வைப்போம் என்று ஒரு சனி மத்தியானம் யோகம் அக்கா வீட்டுக்குப் போனாள்.

யோகம் அக்கா குசினியில் நின்றார். "வா பிள்ளை, இரு. தேத்தண்ணி போடுறன்," என்று குரல் மட்டும் வந்தது. தேனுஜா கணினிமுன் இருந்து தன் பக்கத்தைத் திறந்தாள். மற்றக் கட்டங்களில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மவுஸை நேரே கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோய் அமத்தி, படபடவென்று எழுதினாள்: இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் வேண்டாம். ஒருவரும் கேட்டு வரவேண்டாம். டிஸ்கெற் படத்தை அமத்தினாள். பக்கத்தை மூடினாள். கண்ணைத் துடைத்தாள்.

யோகம் அக்கா தேத்தண்ணியோடு வந்தார். "என்ன எழுதினனீ?"

"நீங்களே பாருங்கோ," என்று பக்கத்தைத் திரும்பத் திறந்தாள்.

கடைசிக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"ஒண்டும் இல்லையே?" என்றார் யோகம் அக்கா.

தேனுஜா அதையே திரும்ப எழுதினாள். சேமித்தாள், மூடினாள், திறந்தாள். வெறுமை. மூன்றாம் தரம் எழுதி, கை தன் பழக்கத்தில் டேப் விசையைத் தட்டியது. சேமித்து, மூடித் திறந்தாள். இருந்தது. எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது.

விஷயம் மிகச் சின்னது. ஒரு கட்டத்தில் எழுதியது, கர்சர் அந்தக் கட்டத்தைவிட்டு இன்னொரு கட்டத்துக்குப் போனால்தான் அடியிலிருக்கிற தரவில் போய்ச் சேரும். மேலே ஓரத்துப் பொத்தானை அமத்துவது அந்தக் கட்டத்தை விட்டுப் போனதாகக் கணக்கில்லை. நடுவிலிருக்கிற கட்டங்களுக்கு ஆபத்தில்லை, ஆட்கள் எப்படியும் அடுத்ததுக்குப் போவார்கள். கடைசிக் கட்டத்துக்கு அடுத்தது எங்கே இருக்கிறது? எழுதுகிறவர் எழுதிவிட்டு நேரே சேமி என்பார். கோப்பு அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் பத்திரமாகச் சேமிக்கும். திரையில் கண்ணுக்குமுன் இருக்கிறதே என்று எழுதினவர் நம்பி எழும்பிப் போவார். வேலையில் செய்த பல்வைத்தியர் புறோகிராமில் கடைசியாக இருந்தது ஒருவரும் எதையும் எழுதாத ஒரு கட்டம், அதனால் அங்கேயும் இது பிடிபடவில்லை.

தேனுஜா ஆரூரனின் பக்கத்தைத் திறந்தாள். வெறுமை. கொலோன் மாப்பிள்ளையின் பக்கத்தைத் திறந்தாள். வெறுமை. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். இழுப்பு இல்லை, மூக்குக்கண்ணாடி இல்லை, குழம்பிப்போன பேச்சு இல்லை, சைவமும் இல்லை. மேற்கு ஜேர்மனித் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பழுக்கில்லாமல் வரிசையில் நின்றார்கள்.

"எல்லாற்றை மறுபக்கமும் அழிஞ்சு போட்டுதோ?" யோகம் அக்கா கதிரையில் தொப்பென்று இருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் ஒரு குறையும் காட்டாமலே கட்டி வச்சனானோ? ஐயோ, என்ரை பிள்ளையாரே! உமக்குக் கீழைதானே நடந்தது, ஒரு சொல்லுச் சொல்லப்படாதோ?"

"நீங்கள் அச்செடுக்கேக்கை பார்க்கேல்லையோ அக்கா?"

"அது மற்ற வீட்டார் பார்க்கவேண்டிய இடம். நான் பார்க்கிறேல்லை. கடதாசியை மடிச்சுக் குடுக்கிறதோடை என்ரை வேலை முடிஞ்சுது." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எண்டாலும் பிள்ளை, ஒண்டும் குழம்பேல்லைத்தானே? எல்லாம் நல்லாத்தானே இருக்குதுகள்? பேசாமல் இப்பிடியே விட்டால் என்ன?" என்றார்.

"என்ரையும் குழம்பேல்லையோ அக்கா?"

யோகம் அக்கா வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் மூடி தேனுஜா பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"ஆரூரன் எழுதினவரோ?" அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையா எழுதினவரோ?"

"எழுதினவனோவோ? விசர்ப்பிள்ளை, உந்தக் கதிரையிலைதானே இருந்தவன். ஒற்றை விரலாலை குத்திக் குத்தி, நான் வச்ச தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாப் போச்சு. நீ எனக்கிட்டை அப்பவே கேட்டிருக்கலாமே?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. கோப்பைக் கேட்டாள், தன் கெட்டித்தனத்தைக் கேட்டாள், பக்கத்தில் நின்ற மனிசியைக் கேட்கவில்லை.

"என்ன எழுதினவர் எண்டு தெரியுமோ அக்கா?"

"நான் வாசிக்கிறேல்லை. என்ரை சட்டம் உனக்குத் தெரியும்."

"அக்கா!"

"சரி சரி. கண் இருக்கே, அது சட்டத்துக்கு அடங்காது. நான் பின்னாலை நிண்டனான்." யோகம் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மனப்பாடமாக்கிய தேவாரம் மாதிரி, ஒரு சொல் விடாமல் சொன்னார். "நான் ஒருமுறை கலியாணம் செய்தவன். அவ கொழும்பிலிருந்து வந்தவ. குளிர்காலம் முடிய முதல் பிரிந்துவிட்டோம். அவவுக்கு வேறு ஒருவரில் விருப்பம் இருந்தது, கேட்காமல் கட்டி வைத்துவிட்டார்கள். அவவில் பிழை இல்லை. இதை வாசித்துவிட்டு ஒருவர் வந்தால் எனக்குக் காணும். அதற்குப் பிறகு வந்தவரிடம் நான் ஒளிக்க ஒன்றும் இருக்காது. இதைத்தான் எழுதினவன். எழுதிப்போட்டு எழும்பேக்கை பெரிய பாரம் இறக்கின ஆள் மாதிரிப் போனவன்."

தேனுஜாவின் காதில் வெதுப்பகத்து இரைச்சல் திரும்பக் கேட்டது. எல்லாம் தெரிஞ்சுதானே வந்தனீங்கள்? ஓம், அதுக்கென்ன? கடவுளே! அந்த மலர்ந்த முகம் எதற்கு மலர்ந்தது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வாசித்துவிட்டு வந்த ஒருத்தி என்று நினைத்தல்லவா அவன் அவ்வளவு கதையும் கதைத்தான். அவளோ அவனைப் பொய்யன் என்று சொல்லி எழுப்பி அனுப்பினாள். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

யோகம் அக்கா முதுகைத் தடவினார். "அழாதை. உன்ரை மறுபக்கமும்தான் அவனுக்குப் போகேல்லை. கொம்மா நேசமலர் என்ன எழுதினவ எண்டு தெரியுமோ? பிள்ளை தங்கம், வாய்தான் கொஞ்சம் நீளம் எண்டு. அதைத் தெரியாமல்தானே அவனும் வந்து மாட்டுப்பட்டவன், பாவம்."

அழுகையோடு சிரிப்பும் வந்து தேனுஜாவிற்குப் புரையேறியது.

"எங்கை நிப்பார் இப்ப?"

"சனிக்கிழமைதானே. பீலெஃபெல்டிலை அவங்கடை தமிழ் மன்றத்துக்குப் புதுக் குசினி பூட்டுறாங்கள். அவன் அங்கைதான் நிப்பான்." ஊரில் யார் எங்கே நிற்பார்கள் என்று யோகம் அக்காவின் மண்டைக்குள் இருந்தது, அதற்குச் சேமி பொத்தான் தேவைப்படவில்லை. "எடி, உந்தப் புறோகிராமைத் திருத்தாமல் ஓடுறாய்?"

"அது ஒரு சொல்லு மாத்திற வேலை அக்கா. நாளைக்குச் செய்யலாம்," என்று தேனுஜா படியிறங்கினாள்.

பீலெஃபெல்ட் ரயில் ஹம் நிலையத்தில் நின்றபோது அவள் வெதுப்பகம் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோமோ என்று பயம்.

மன்றக் கட்டடத்தில் முன்மண்டபத்தில் சின்னப்பிள்ளைகள் பரதநாட்டியம் பழகிக்கொண்டிருந்தார்கள். தாளம் போடுகிற தட்டுக்கழிச் சத்தத்தைக் கடந்து பின்பக்கம் போனாள். குசினிக்குள் அலுமாரிகள் பாதி பொருத்தியும் பாதி பொருத்தாமலும் நின்றன. தொட்டிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் ஒரு ஆள் இடுப்புவரை நுழைந்து கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். அந்தச் சப்பாத்தை அவளுக்குத் தெரியும்.

"ஆரூரன்," என்றாள்.

உள்ளே திருகுகிற சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை.

முகம் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. அவள் அந்தக் கால்களைப் பார்த்தே சொன்னாள். "நீங்கள் எழுதினது உண்மை. நான் செய்த பிழையாலைதான் அது சேமிக்கப்படேல்லை. நீங்கள் எழுதின சொல்லை என்ரை புறோகிராம்தான் திண்டது. உங்களைப் பொய்யன் எண்டு சொன்னது என்ரை வாய். அதுக்கு அம்மா ஒரு குறிப்பு எழுதி வச்சவ, அதுவும் உங்களுக்கு வந்து சேரேல்லை."

பிறகு அலுமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன குறிப்பு?"

"வாய் கொஞ்சம் நீளமெண்டு."

"அது எழுதாமலே தெரியும்."

அவன் மெல்ல வெளியே வந்தான். தலைமயிரில் மரத்தூள். இளைத்திருந்தான். எழும்பவில்லை, நிலத்திலேயே அலுமாரியில் சாய்ந்து இருந்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை.

"நான் என்ன எழுதினன் எண்டு உங்களுக்குத் தெரியாதே. எல்லாம் அழிஞ்சு போட்டுதே."

"யோகம் அக்கா சொன்னவ. சொல்லுக்குச் சொல். அவவில் பிழை இல்லை எண்டு எழுதினீங்களே, அதுவும் சொன்னவ." அவள் ஒரு எட்டு முன்னுக்கு வந்தாள். "இதை வாசிச்சிட்டு ஒருவர் வந்தால் காணும் எண்டு எழுதினதையும்."

முன்மண்டபத்தில் தட்டுக்கழிச் சத்தம் நின்றிருந்தது. ஆரூரன் கையிலிருந்த திருகாணியைச் சீனிப் பக்கற் உருட்டியதுபோல விரலுக்குள் உருட்டினான். பிறகு தலையை நிமிர்த்தினான். முதல் நாள் கேட்ட அதே கேள்வியை, அதே மாதிரிக் கேட்டான்.

"எல்லாம் தெரிஞ்சுதானே வந்தனீங்கள்?"

அவளுக்கு இந்த முறை ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேரவேண்டும். அவன் பக்கத்தில், மரத்தூளுக்குள், நிலத்தில் இருந்தாள்.

"ஓம்," என்றாள். "அதுக்கென்ன?"